வெக்டரில் விலங்கு வரைதல்: ரோமம், இறகு, செதில்

மாட்டுப் பொங்கலுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பட்டணத்து அச்சுக் கடைகளில் மாட்டுப் படம் தேட ஆரம்பித்துவிடுவார்கள். கோவில் பேனருக்கு ஒரு காளை வேண்டும், தமிழ்ப்பள்ளி நிகழ்ச்சிக்குப் பசுவும் கன்றும் வேண்டும். இணையத்திலிருந்து ஒரு வெக்டர் படத்தை இறக்கிப் போட்டால் கோடு சுத்தமாக இருக்கும், நிறமும் பளிச்சென்று இருக்கும். ஆனாலும் பேனர் கேட்டு வந்த அண்ணன் திரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, எல்லாம் சரிதான், ஆனா மாடு பிளாஸ்டிக் மாதிரி இருக்கே" என்பார். தோட்டத்தில் மாடு வளர்த்தவர் கண்ணுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

அந்தப் படத்தில் இல்லாமல் போனது டெக்ஸ்சர். ஒரு பரப்பைத் தொட்டால் எப்படி இருக்கும் என்பதைத் தொடாமலே கண்ணுக்குக் காட்டுவதுதான் டெக்ஸ்சர். ஆட்டுக் கிடாவின் கழுத்து முடி சொரசொரப்பு, கன்றின் காது மெத்தென்று இருக்கும், எருமையின் முதுகு வறண்ட தோல். இதெல்லாம் நமக்கு எப்படித் தெரிகிறது? வெளிச்சம் அந்தப் பரப்பில் பட்டு எப்படிச் சிதறுகிறது என்பதை வைத்துத்தான். அதை வெக்டர் மென்பொருளில் கொண்டுவரும் வழியை, இப்போதுதான் தொடங்குபவர்களுக்காக எழுதுகிறேன். இன்க்ஸ்கேப்பை வைத்தே விளக்குகிறேன். 2003இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது, சுமாரான மடிக்கணினியிலும் ஓடும். இல்லஸ்ட்ரேட்டரோ கோரல்டிராவோ வைத்திருப்பவர்களுக்கும் அடிப்படை இதேதான், கருவியின் பெயர் மட்டும் மாறும்.

முதலில் வெக்டர் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். கைப்பேசியில் எடுக்கும் புகைப்படம் நிறப் புள்ளிகளால் ஆனது. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். வெக்டர் கோப்பில் புள்ளிகள் இல்லை, கணக்குதான் இருக்கிறது. இங்கே தொடங்கு, இவ்வளவு வளைந்து அங்கே முடி, உள்ளே இந்த நிறத்தை நிரப்பு என்ற கணக்கு. இந்த வளைகோடுகள் கார் தொழிற்சாலையிலிருந்து வந்தவை. சிட்ரோயன் நிறுவனத்தில் பால் டி காஸ்டல்ஜோ 1959இல் இந்தக் கணக்கில் இறங்கினார். ரெனோவில் பொறியாளராக இருந்த பியர் பெஸியே 1960களில் காரின் உடலை வடிவமைக்க இதைப் பயன்படுத்திப் பரவலாக்கினார். பெஸியே வளைவு என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது. கணக்கு என்பதால் 5 சென்டிமீட்டர் ஒட்டுப்படத்துக்கும் 20 அடி பேனருக்கும் ஒரே கோப்பை அனுப்பலாம்.

காரின் கதவுக்கு அந்த வழவழப்பு அழகு. மாட்டுக்கு அதுவே இடைஞ்சல். உயிருள்ள எதற்கும் அவ்வளவு சுத்தமான விளிம்பு கிடையாது.

அப்படியானால் ஒவ்வொரு முடியாக வரைய வேண்டுமா? புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள். ஒரு முடியை வரைந்து, நகலெடுத்து, உடம்பு முழுக்கப் பரப்புகிறார்கள். வெக்டரில் நகலுக்குச் செலவில்லை என்பதால் கை தானாக அந்தப் பக்கம் போகிறது. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவு முடி போட்டால் உடம்பின் உருண்டை வடிவம் மறைந்து, தட்டையான ஒரு துணி மிஞ்சும்.

காலையில், வெயில் சாய்வாக விழும் நேரத்தில், செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) அடியில் மேயும் ஒரு மாட்டைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். வெயில் நேராகப் படும் முதுகில் முடி தனித்தனியாகத் தெரியாது, ஒரு மினுமினுப்புதான் தெரியும். நிழல் விழுந்த வயிற்றடியிலும் தெரியாது, அங்கே எல்லாம் ஒரே இருட்டு. வெளிச்சம் நிழலாக மாறுகிற அந்தப் பட்டையில் மட்டும் ஒவ்வொரு முடியும் பக்கத்து முடி மேல் தன் சின்ன நிழலைப் போடும். ரோமம் அங்கேதான் கண்ணில் படும். இன்னோர் இடம் உடம்பின் விளிம்பு. பின்னணியின் மேல் முடி நீட்டிக்கொண்டிருப்பதால் அங்கேயும் தெரியும். இந்த இரண்டு இடங்களில் உழைத்தால் போதும், மற்ற இடங்களைப் பார்ப்பவரின் கண்ணே நிரப்பிக்கொள்ளும். ரோமம், இறகு, செதில் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டவர்கள் எந்த மென்பொருளிலும் வரைந்துவிடுவார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே டெக்ஸ்சருக்கு முன்னால் உருண்டை வடிவம் வேண்டும். பெஸியே கருவியால் மாட்டின் உடம்பை ஒரே மூடிய வடிவமாக வரைந்து நடுத்தரப் பழுப்பு நிறம் கொடுங்கள். சிவப்பு 140, பச்சை 92, நீலம் 56 என்று வைத்தால் நம் ஊர் மாட்டு நிறத்துக்குப் பக்கத்தில் வரும். நிழலுக்கு 74, 46, 28. வெளிச்சத்துக்கு 206, 160, 112. நிழலைத் தனி வடிவமாக வயிற்றடியிலும், அலைதாடிக்குக் கீழும், திமிலின் பின்பக்கமும் வரைந்து, நிறப்பெட்டியின் அடியில் உள்ள மங்கல் (பிளர்) அளவைக் கொஞ்சம் ஏற்றினால் விளிம்பு கரைந்துவிடும். உடம்புக்கு வெளியே வழிவதைத் தடுக்க, உடம்பு வடிவத்தின் நகலை மேலே வைத்து கிளிப் செய்துவிடுங்கள். வெளிச்சத்துக்கும் அதே முறை. இந்தக் கட்டத்தில் உங்கள் மாடு பிளாஸ்டிக் மாடாகத்தான் இருக்கும், அது பரவாயில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் உருண்டையாகத் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். தெரியவில்லை என்றால் முடியைத் தொட வேண்டாம், நிழலைத் திருத்துங்கள்.

கிரேடியன்ட் மெஷ் என்று ஒரு கருவி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இல்லஸ்ட்ரேட்டரிலும் உண்டு, இன்க்ஸ்கேப்பில் 2017இல் வந்த 0.92 பதிப்பிலிருந்தும் உண்டு. வலைபோல் புள்ளிகள் வைத்து ஒவ்வொன்றுக்கும் நிறம் கொடுக்கும் அருமையான கருவிதான். ஆனால் தொடக்கத்திலேயே அதில் இறங்கினால் புள்ளிகளை நகர்த்துவதிலேயே பொழுது போய்விடும். இன்க்ஸ்கேப்பில் செய்த மெஷ்ஷை உலாவிகளும் தாமாகப் புரிந்துகொள்ளாது. மங்கலாக்கிய வடிவங்களே இப்போதைக்குப் போதும்.

அடுத்தது ரோமத்தின் போக்கு. நம் ஆட்கள் மாடு வாங்கப் போனால் சுழி பார்ப்பார்கள், நெற்றியில் எங்கே, முதுகில் எங்கே என்று. படம் வரைகிறவரும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். சுழியிலிருந்துதான் முடி நாலாபக்கமும் கிளம்புகிறது. மாட்டின் நெற்றிச் சுழிக்குக் கீழே முடி மூக்கை நோக்கி இறங்கும், மேலே கொம்புகளை நோக்கி ஏறும். கழுத்தில் பின்னோக்கிப் போகும், விலாவில் பின்னோக்கிச் சாய்ந்து கீழிறங்கும், காலில் நேராகக் கீழே விழும். நாய்க்கு முகத்தில் இது வேறு மாதிரி: மூக்கு நுனியிலிருந்து தொடங்கி நெற்றிப் பக்கமாகப் பின்னோக்கி ஓடும். மாட்டு முகத்துக்கு நாய் முகத்துப் போக்கை வைத்தால், என்ன தப்பு என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவருக்கு உறுத்தும். ஒரு தனி லேயரில் சிவப்புக் கோடுகளாக இந்தப் போக்கை வரைந்து பூட்டி வையுங்கள், கடைசியில் அழித்துவிடலாம்.

இப்போது முடி. இயற்கையான முடி வேரில் தடித்து நுனியில் கூர்மையாகும். ஒரே தடிமன் உள்ள கோடு கம்பியாகத்தான் தெரியும். இன்க்ஸ்கேப்பில் பென்சில் கருவியை எடுத்ததும் மேலே வடிவம் என்று ஒரு தேர்வு இருக்கும். அதில் முக்கோணத்தைத் தேர்ந்தால் நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு கோடும் ஒரு முனை தடித்து மறுமுனை கூராக வரும். இல்லஸ்ட்ரேட்டரில் மெல்லிய நீர்த்துளி வடிவம் ஒன்றை வரைந்து பிரஷ் பலகையில் இழுத்துப் போட்டு ஆர்ட் பிரஷ் ஆக்கிக்கொள்ள வேண்டும். நிறமேற்றும் முறையை டின்ட் என்று வைத்தால் அதே பிரஷ் எந்த நிறத்திலும் ஓடும். கோரல்டிராவில் ஆர்ட்டிஸ்டிக் மீடியா கருவி இந்த வேலையைச் செய்யும்.

முடி ஒற்றையாக நிற்பதில்லை. மூன்று, ஐந்து, ஏழு என்று சேர்ந்து ஒரு கொத்தாகச் சாய்ந்து, நுனியில் ஒன்றையொன்று தொடும். நாலைந்து வகைக் கொத்துகளை வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நெருக்கமாக, ஒன்று பிரிந்து, ஒன்றில் ஒரு முடி மட்டும் எதிர்ப்பக்கம் வளைந்து இருக்கட்டும். இவற்றை உடம்பின் பின்பக்கத்திலிருந்து தொடங்கி தலைப் பக்கமாக வைத்துக்கொண்டு வாருங்கள். அப்போது முன்னால் வரும் கொத்தின் நுனி பின்னால் உள்ள கொத்தின் வேரை மூடும். தலையிலிருந்து தொடங்கினால் வேர்களெல்லாம் வெளியே தெரிந்து, ஒட்டவைத்த முடியாகிவிடும்.

நிறத்தைப் பொறுத்தவரை மூன்று சுற்றுப் போதும். முதலில் கருமையான கொத்துகள், வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் பட்டையில். அதன் மேல் நடுத்தர நிறம், கொஞ்சம் இடம் விட்டு. கடைசியில் வெளிர் நிறம், மிகக் குறைவாக, வெளிச்சப் பக்கத்தை ஒட்டி மட்டும். மூன்றாவது சுற்றில் கையைக் கட்டுப்படுத்துவதுதான் சிரமம். வெள்ளை முடி போடப் போட அழகாகத் தெரியும், அப்புறம் மாடு நரைத்துவிடும். விளிம்பில் உடம்பு நிறத்திலேயே சில கொத்துகளை வெளியே நீட்டுங்கள். திமிலின் மேல்பக்கம், காது நுனி, வால் குஞ்சம், அலைதாடியின் அடி ஆகியவை அதற்கு ஏற்ற இடங்கள். நம் வெப்பத்தில் வாழும் மாட்டுக்கு முடி குட்டையாகப் படிந்திருக்கும். அதனால் கொத்துகளும் குட்டையாகவே இருக்கட்டும். கிடாவுக்கு முதுகுத் தண்டிலும் தாடியிலும் நீளமாக விடலாம்.

எல்லாவற்றையும் கையாலேயே வைக்க வேண்டுமா என்றால், இல்லை. இன்க்ஸ்கேப்பின் ஸ்ப்ரே கருவி ஒரு கொத்தை எடுத்துத் தூவும், அளவையும் சாய்வையும் தானே மாற்றிக்கொள்ளும். இல்லஸ்ட்ரேட்டரில் டிரான்ஸ்பார்ம் ஈச் பெட்டியில் ரேண்டம் என்ற குறியைத் தட்டினால் தேர்ந்த கொத்துகள் கொஞ்சம் கொஞ்சம் விலகும். நிழல் மறைக்கும் உடம்பின் நடுப்பகுதிக்கு இது போதும். முகத்துக்கும் விளிம்புக்கும் கைதான்.

அடுத்து இறகு. நம் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் எலியைப் பிடிப்பதற்காகக் கம்பத்தில் பெட்டி வைத்து வளர்க்கிறார்களே, அந்தக் கூகையை எடுத்துக்கொள்வோம். வெக்டரில் பழக இதைவிட நல்ல பறவை எனக்குத் தெரியாது. ஒரே உடம்பில் மூன்று விதமான டெக்ஸ்சர் அதற்கு உண்டு.

சிறகில் பெரிய இறகுகள் தனித்தனியாகத் தெரியும். ஓர் இறகில் நடுவே தண்டு, இரண்டு பக்கமும் நுனியை நோக்கிச் சாய்ந்த மெல்லிய இழைகள். அந்த இழைகள் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகளால் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு ஒரே தகடாக நிற்கின்றன. ஆங்காங்கே கொக்கி விட்டுப்போன இடத்தில் விளிம்பு பிளந்திருக்கும். ஆகவே ஓர் இறகை வரைய வேண்டுமென்றால் நீண்ட வடிவம் ஒன்று, தண்டுக்கு ஒரு மெல்லிய வெளிர்கோடு, விளிம்பில் ஒன்றிரண்டு ஆப்பு வடிவ வெட்டு, அவ்வளவுதான். இழைகளைப் பத்துப் பன்னிரண்டு சாய்கோடுகளால் நுனிப் பக்கம் மட்டும் சுட்டினால் போதும். இறகு இறகாகத் தெரிவதற்கு அதைவிட முக்கியமானது, மேலே இருக்கும் இறகு கீழே இருப்பதன் மேல் போடும் நிழல். ஒவ்வோர் இறகின் வேர்ப் பக்கமும் கருமையாகி நுனியில் வெளிறும்படி கிரேடியன்ட் கொடுத்து, வாலிலிருந்து தலை நோக்கி அடுக்கிக்கொண்டு வந்தால் அந்த நிழல் தானாகவே கிடைத்துவிடும்.

முதுகு வேறு. பொன் கலந்த பழுப்பின் மேல் சாம்பல் படர்ந்து, அதில் கறுப்பும் வெள்ளையுமாகப் பொடிப் புள்ளிகள். இங்கே ஸ்ப்ரே கருவிக்கு நல்ல வேலை உண்டு. ஆனால் புள்ளிகளும் இறகு வரிசையை ஒட்டியே இருக்க வேண்டும், மண்ணைத் தூவியதுபோல் விழக்கூடாது. நெஞ்சு இன்னும் வேறு, வெண்மையாக, மிருதுவாக இருக்கும். அங்கே இறகின் விளிம்பை வரையவே வரையாதீர்கள். கூகை சத்தமில்லாமல் பறப்பதற்குக் காரணமே அதன் இறகுகளின் வெல்வெட் மேற்பரப்பும், சிறகின் முன் ஓரத்தில் உள்ள சீப்புப் பல் அமைப்பும், பின் ஓரத்துக் குஞ்சங்களும்தான். அப்படிப்பட்ட பறவைக்குக் கத்தியால் வெட்டியது போன்ற கறுப்பு அவுட்லைன் போடுவது பெரிய அநியாயம். நெஞ்சுக்கு மங்கலான சாம்பல் நிழல், சில கரும்புள்ளிகள், விளிம்பில் கொஞ்சம் பஞ்சுபோல் மங்கல், போதும். இதய வடிவ முகத்தைச் சுற்றியுள்ள வட்டத்தில் மட்டும் குட்டையான, அடர்ந்த இறகுகளை வரிசையாக வையுங்கள். முகத்துக்கு அந்த ஓரம்தான் உயிர்.

செதிலுக்கு லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) ஓரத்தில் வெயில் காயும் உடும்பு. அதன் செதில்கள் சின்னச் சின்ன உருண்டைகள், பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஒன்றன் மேல் ஒன்று ஏறாது. மலைப்பாம்புக்குத்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறிய சாய்சதுரச் செதில்கள். இரண்டுக்கும் ஒரே பேட்டர்னைப் போட்டுவிடக்கூடாது.

இங்கே இன்க்ஸ்கேப்பில் உள்ள டைல்டு குளோன் என்ற வசதி நன்றாகக் கைகொடுக்கும். ஒரே ஒரு செதிலை வரைந்து, அதன் நிறத்தை அன்செட் நிலையில் வையுங்கள். நிறப்பெட்டியில் கேள்விக்குறி போட்ட பொத்தான் அதுதான். டைல்டு குளோன் பெட்டியில் ஷிஃப்ட் பகுதிக்குப் போய் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையை அரைச் செதில் தள்ளச் சொல்லுங்கள். பிறகு டிரேஸ் பகுதியில், கீழே உள்ள படத்திலிருந்து நிறத்தை எடுக்கும்படி குறியிடுங்கள். அப்புறம் மென்பொருள் நூற்றுக்கணக்கான செதில்களைப் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் அதற்கு நேர்கீழே நீங்கள் ஏற்கெனவே தீட்டிய உடம்பின் நிறத்தைக் கொடுத்துவிடும். உடும்பின் மஞ்சள் புள்ளி வரிசைகளை முதலில் வெறும் வட்டங்களாகக் கீழே வரைந்திருந்தால், மேலே அவை செதில் செதிலாக உடைந்து வரும்; நிஜ உடும்பில் அப்படித்தான் இருக்கிறது. ரேண்டம் அளவைச் சில சதவீதம் ஏற்றினால் இயந்திரத்தனமும் போய்விடும்.

ஒரு கவனம். உடம்பு உருண்டை என்பதால் வயிற்று விளிம்பையும் முதுகு விளிம்பையும் நெருங்க நெருங்கச் செதில்கள் ஒடுங்க வேண்டும். விளிம்பு வரிசைகளைத் தேர்ந்து உயரத்தைக் குறைத்துவிடுங்கள். வளைந்த வாலுக்குச் செதில் பட்டையைத் தனியாகச் செய்து, குளோன் தொடர்பை அறுத்து, ஒரு குழுவாக்கி, பாத் எஃபெக்டில் உள்ள பெண்ட் மூலம் வளைக்கலாம். அந்தப் பட்டையில் செதிலின் கீழ் ஓரத்தில் மட்டும் பாதி ஒளிபுகும் கருமை இருக்கட்டும். நிறமும் நிழலும் அடியில் உள்ள உடம்பிலிருந்தே வந்துவிடும்.

எருமைக்கு முடி குறைவு, தோல்தான் பேசும். சுருக்கம் எப்போதும் மடங்கும் திசைக்குக் குறுக்கே விழும் என்பதை மட்டும் நினைவில் வைத்து, கழுத்திலும் முழங்காலிலும் சில வளைகோடுகள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் கருமையும் மறுபக்கம் வெளிர்கோடும் கொடுங்கள். கண்ணும் மூக்கும் ஈரமான இடங்கள். ரோமத்துக்கு நேர் எதிராக இங்கே கூர்மையான விளிம்புள்ள சின்ன வெள்ளை மினுக்கு வேண்டும், மங்கல் கூடாது. சுற்றிலும் மிருதுவாக இருப்பதால் அந்த ஒரு கூர்மையான மினுக்கு முகத்தையே எழுப்பிவிடும்.

இனி அச்சுக்கு அனுப்பும் வேலை. மங்கல் அதிகமானால் கணினி திணறும். வேலை செய்யும்போது காட்சி முறையை அவுட்லைனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மங்கலான பகுதிகளை இன்க்ஸ்கேப் பிடிஎஃப் ஆக்கும்போது புள்ளிப் படமாக மாற்றிவிடும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சேமிக்கும் பெட்டியில் அதற்கான அளவு, அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பது, 96 என்று இருக்கும். கையில் பிடித்துப் பார்க்கும் அட்டைக்கு அதை 300 ஆக்குங்கள், நிஜ அளவில் செய்த பேனருக்கு 100 முதல் 150 போதும்.

கோப்பு எந்த அளவுக்கும் நீளும் என்றாலும் டெக்ஸ்சர் எல்லா அளவுக்கும் பொருந்தாது. சாலைக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கும் பேனரில் தனி முடி யாருக்கும் தெரியாது, கொத்துகளின் வடிவமும் விளிம்பும்தான் தெரியும். ஆகவே கொத்தைப் பெரிதாக்கி எண்ணிக்கையைக் குறைக்கலாம். சின்ன ஒட்டுப்படத்தில் 0.25 பாயின்டுக்கும் மெல்லிய முடி அச்சில் நிற்காது, ஒன்றோடொன்று ஒட்டிக் கறையாகும்.

பிளாட்டரில் வெட்டும் வினைல் என்றால் கதையே வேறு. அந்த இயந்திரத்துக்குத் தெரிந்தது வெட்டுக்கோடு மட்டும். கிரேடியன்ட், மங்கல், ஒளிபுகுதல் எதுவும் அதற்குப் புரியாது. அதற்கென்று ஒரு நகல் எடுத்து, நிறத்தை இரண்டு அல்லது மூன்றாகக் குறைத்து, ஒரு நிறத்தில் உள்ள எல்லா முடியையும் உடம்போடு யூனியன் செய்து ஒரே வடிவமாக்குங்கள். இல்லாவிட்டால் ஒன்றன் மேல் ஒன்று கிடக்கும் ஒவ்வொரு கோட்டையும் கத்தி தனித்தனியாக வெட்டி வினைலைச் சிதைத்துவிடும். 1 மில்லிமீட்டருக்கும் மெலிந்த நுனிகள் வேண்டாத பகுதியை உரிக்கும்போது கூடவே எழுந்து வரும். அவற்றைக் கொஞ்சம் மழுக்கித் தடிப்பாக்கிவிட்டு, வெட்டுவதற்கு முன் அவுட்லைன் காட்சியில் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். உள்ளே தனியாக ஏதாவது கோடு தெரிந்தால் அது யூனியனில் விடுபட்ட முடி.